தம் பெயரைத் தாம் எழுதியோர்

நம் நாட்டின் முதற் பொதுத்தேர்தல் 1951ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தொடங்கி, 1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள்வரை நடைபெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்குரிமை சொத்துடையார்க்கும், வரி செலுத்துவார்க்கும், ஓரளவு கற்றார்க்கும் மட்டுமே உரியதாக இருந்தது. விடுதலைக்குப்பின் வகுக்கப்பெற்ற அரசியலமைப்போ இருபத்தோர் ஆண்டு நிரம்பிய ஆடவர் மகளிர் அனைவரையும் வாக்காளர் ஆக்கியது. அவர்தம் தொகை 17 கோடிக்கு மேற்பட்டது. அவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆயினும் எழுத்தறியாமை அவர்தம் உரிமைக்குத் தடையாக வைக்கப்படவில்லை. வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு சின்னமும், சின்னம் ஒட்டிய ஒரு தனிப்பெட்டியும் அளிக்கப்பட்டன. வாக்காளர் தமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டை இட்டால் போதும். காளையையும் குடிசையையும் மரத்தையும் கண்டறியாதார் நம் நாட்டில் யார் உளர்?

இத்துணை எளிதாக்கியும் எதிர்பாராத ஓர் இடர் எழுந்தது. வாக்காளர் பட்டியல் எழுத வீடுதோறும் சென்ற அலுவலர்கள் பெண்களை நோக்கி, "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று வினவினர். வடநாட்டுப் பகுதிகள் சிலவற்றில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூற மறுத்தனர். அயலார்முன் தம் பெயரைச் சொல்லுதல் அவர்கள் வழக்கத்திற்கு மாறானது. "இன்னார் மனைவி", "இன்னார் தாய்" என்றே எழுதிக்கொள்ளச் சொல்லினர். தலைமைத் தேர்தல் ஆணையராய் விளங்கிய சுகுமார் சென் என்பார் இதனை ஏற்கவில்லை. வாக்காளர் என்பவர் தமக்கெனப் பெயருடைய ஒரு தனி மனிதர் என்பது அவர் கொள்கை. பெயரைத் திருத்திக்கொள்ளக் காலமும் தரப்பட்டது. இறுதியில், தம் பெயரைக் கூறாத ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே செல்ல வேண்டியவர்கள் வாயிலிலேயே நின்றுவிட்டனர். அவர்களைக் கைப்பற்றி அழைத்துச் செல்வோர் யார்? அரசாங்க ஆணை அதனைச் செய்ய இயலாது. தேர்தற் காலத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு விரையும் வண்டிகளும் அதனைச் செய்வதில்லை. அவர்களோடு பழகி, அவர்கள் மொழியிற் பேசி, அவர்கள் குறையைக் கேட்கும் தொண்டர் ஒருவர் வேண்டும். அத்தகைய தொண்டு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிய, கதவு திறந்து கிடந்த நம் நாட்டைவிட, கதவு தாழிடப்பட்டிருந்த ஒரு நாட்டை நோக்குதல் நலம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், தென் கரோலினா என்னும் மாநிலத்தின் கடற்கரையோரம், ஜான்ஸ் தீவு என்றொரு தீவு உள்ளது. சார்ல்ஸ்டன் என்னும் துறைமுக நகருக்கு அண்மையில் அமைந்தது. ஒருகாலத்தில் அங்கு அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களே அத்தீவினருட் பெரும்பாலோர். அடிமைத்தளை 1865ஆம் ஆண்டிலேயே அறுக்கப்பட்டது; நிறம் கருதி வாக்குரிமையை மறுத்தலாகாது எனச் சட்டமும் 1870ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆனால், தென் மாநிலத்தார் வேறு தாழ் ஒன்றைக் கண்டுபிடித்தனர். வாக்காளராகப் பதிந்துகொள்ள விரும்புவோர் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்தும் எழுதியும் காட்டல் வேண்டும். அன்றேல், 300 டாலர் மதிப்புள்ள சொத்திற்கு வரி செலுத்தியவராதல் வேண்டும். தேர்வு நடத்துவோரும் வெள்ளையர். தேறினாரா இலரா என்று முடிவு கூறுவோரும் அவரே. நிலமும் பள்ளியும் மறுக்கப்பட்ட மக்களிடம் சொத்தையும் படிப்பையும் கேட்ட சட்டம் அது!

பள்ளியின் நிலை எவ்வாறு இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். செப்டிமா கிளார்க் என்னும் அம்மையார் 1916ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளம்பெண்ணாக, அத்தீவிற்கு ஆசிரியராய்ச் சென்றார். அவரும் மற்றோர் ஆசிரியரும் 132 கறுப்பினக் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். இருவருக்கும் சேர்த்துத் திங்கள் ஊதியம் 60 டாலர். அண்மையில் இருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்றே மாணவர். அங்கிருந்த ஆசிரியர் ஒருவருக்கே 85 டாலர்! பகலிற் குழந்தைகளுக்குக் கற்பித்த செப்டிமா அம்மையார் மாலையில் பெரியவர்களுக்கும் எழுத்துக் கற்பித்தார். நாற்பதாண்டுகட்குப் பின் பெருமரமாய் வளர்ந்த தொண்டிற்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

அத்தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்றொருவர் வாழ்ந்தார். உழவும் சிறு வாணிகமும் செய்தவர். பேருந்து ஒன்றும் வைத்திருந்தார். தீவு மக்களை நாடோறும் காலையில் சார்ல்ஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கும் துறைமுகத்திற்கும் ஏற்றிச் செல்வது அவர் தொழில். ஒருநாள் அவர் வண்டியிற் செல்லும் பெண்மணி ஒருவர், "எனக்கு வாக்களிக்க ஆசை. ஆனால் எனக்குப் படிப்பு இல்லை. நீங்கள் கற்றுக்கொடுத்தால் நான் கற்றுக்கொள்வேன்" என்னும் கருத்துப்படக் கேட்டார். அன்றுமுதல் பேருந்து பள்ளியாயிற்று. அரசியலமைப்பின் பகுதிகளைப் படி எடுத்துப் பயணிகளுக்குக் கொடுத்தார் ஜென்கின்ஸ். செல்லும் வழியெல்லாம் படித்துக் காட்டிப் பொருள் விளக்கினார். அப்பெண்மணி கேட்டுக் கேட்டே முழுப்பகுதியையும் மனப்பாடம் செய்து, பதிவு அலுவலகத்தில் ஒப்பித்து, வாக்காளர் ஆகிவிட்டார்.

வெற்றிதான். ஆயினும் அப்பெண்மணிக்கு மனநிறைவு உண்டாகவில்லை. தாம் படித்ததாகக் காட்டியது படிப்பு அன்று என்பதை அவரே நன்கு அறிந்திருந்தார். உண்மையாகவே படிக்க வேண்டும் என்று விரும்பினார். அதற்கு ஓடும் வண்டி இடமன்று. ஜென்கின்ஸ் 1954ஆம் ஆண்டில் பள்ளி நிர்வாகக் குழுவிற்குப் போட்டியிட்டுத் தோற்றார். தமக்கு வாக்களிக்க விரும்பியோருட் பலர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை என்பதை அத்தோல்வி அவருக்கு உணர்த்திற்று.

டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில், 1932ஆம் ஆண்டுமுதல், ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளி என்னும் நிலையம் நடைபெற்று வந்தது. அதனை நடத்திய மைல்ஸ் ஹார்ட்டன் டென்மார்க்கு நாட்டு மக்கட் பள்ளிகளை நேரிற் கண்டு வந்தவர். வெள்ளையரும் கறுப்பரும் அங்கே ஒரே மேசையில் உண்டனர்; ஒரே அறையில் கற்றனர். அக்காலத் தென்னாட்டில் இது பெரும் புரட்சி. செப்டிமா அம்மையார் 1954ஆம் ஆண்டு கோடையில் ஜென்கின்ஸை அங்கு அழைத்துச் சென்றார். உலக நாடுகள் அவையைப் பற்றிய கருத்தரங்கு அது. உங்கள் ஊரின் தேவை யாது என்று கேட்டபொழுது, உலக அரசியலைப் பற்றி ஜென்கின்ஸ் ஒன்றும் கூறவில்லை. தம் ஊரார் வாக்காளராவதற்குப் படிக்கக் கற்க வேண்டும், அதற்கு ஒரு பள்ளி வேண்டும் என்றார்.

ஹார்ட்டன் உடனே பள்ளி திறந்துவிடவில்லை. தீவிற்குப் பன்முறை சென்று மக்களோடு பழகினார். முதியோர் கல்வி அங்கு முன்னரே நடத்தப்பட்டுத் தோல்வியுற்றிருந்தது. அதற்குக் காரணம் யாது என ஆராய்ந்தார். பகல் முழுவதும் உழைத்துக் களைத்த பெரியவர்களைச் சிறு குழந்தைகளின் இருக்கைகளில் கால் மடக்கி உட்கார வைத்திருந்தனர். குழந்தைகளுக்குரிய முதற்பாடப் புத்தகத்தையே அவர்கள் கையிலும் கொடுத்திருந்தனர். சிறுவர் கண்டு நகைத்தனர். நாணமுற்ற பெரியவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர். 'இவர்களுக்குக் கற்கும் ஆர்வம் இல்லை' என்று பழியும் அவர்கள்மேலேயே சுமத்தப்பட்டது. தொண்டு செய்யப் புகுவோர் பலர் செய்யும் பிழை இது. மக்கள் வாராமைக்கு மக்களைக் குறை கூறுதல் எளிது. தாம் இட்ட இருக்கையை நோக்குதல் அரிது.

செப்டிமா அம்மையார்க்கு இதற்கிடையில் ஒரு துன்பம் நேர்ந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்குப் பாடுபடும் நாடளாவிய சங்கம் ஒன்றில் அவர் உறுப்பினர். அரசாங்கப் பணியாளர் எவரும் அச்சங்கத்தில் இருத்தல் ஆகாது எனத் தென் கரோலினா 1956ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. ஆசிரியர் பலர் தம் உறுப்பினர் நிலையை மறைத்தனர். அம்மையார் மறைக்கவில்லை. நாற்பதாண்டுகள் செய்த ஆசிரியப் பணியையும், அதற்குரிய ஓய்வூதியத்தையும் ஒருங்கே இழந்தார். ஹைலாண்டர்ப் பள்ளி அவரைப் பயிற்சித் தலைவராக ஏற்றுக்கொண்டது.

இனிப் பள்ளி தொடங்கப்பெற்ற வகையைக் காண்போம். ஜென்கின்ஸும் அவர் நண்பர்களும் நிறுவிய முன்னேற்றக் கழகம் ஹைலாண்டர்ப் பள்ளியிடம் 1,500 டாலர் கடன் பெற்றுப் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை வாங்கியது. முன்பகுதியில் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பகுதியில் வகுப்பறை. கடையின் வருவாய் கடனை அடைத்தது; கடையின் தோற்றம் வகுப்பறையை மறைத்தது. அரிசி வாங்கச் செல்வார்போல மாணவர்கள் செல்லலாம் அன்றோ?

ஆசிரியராக யாரை அமர்த்துவது? பட்டம் பெற்ற ஆசிரியரை அவர்கள் நாடவில்லை. செப்டிமா அம்மையாரின் உறவினரான பெர்னிஸ் ராபின்சன் என்பாரைத் தேர்ந்தனர். அவர் பெண்களுக்குக் கூந்தல் ஒப்பனை செய்பவர், தையலும் அறிந்தவர். "நான் ஆசிரியர் அல்லேனே!" என்று அவர் தயங்கினார். அதுவே அவரைத் தேர்ந்ததற்குக் காரணம். கற்பிக்கும் பழக்கம் இல்லாதவர் கேட்கும் பழக்கம் உடையவராய் இருப்பார் என அவர்கள் கருதினர். மற்றொரு காரணமும் உண்டு. அவரிடம் ஒப்பனைக்கு வருவோர் அனைவரும் கறுப்பினப் பெண்கள். ஆதலின், வெள்ளையர் எவரும் அவர் பிழைப்பைப் பறித்தல் இயலாது. அஞ்சாமைக்கு நெஞ்சுரம் மட்டும் போதாது. அடுப்பெரியவும் வழி வேண்டும் என்பதை அத்தொண்டர்கள் அறிந்திருந்தனர்.

1957ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள் முதல் வகுப்புக் கூடியது. வயல் வேலை ஓய்ந்திருக்கும் குளிர்காலம் அது. வந்தோர் பதினால்வர். ராபின்சன் அம்மையார் தொடக்கப் பள்ளிப் பாடநூல்களை உடன் கொண்டு சென்றிருந்தார். வந்தவர்களின் முகத்தைக் கண்டதும் அவை பயன்படா என்று உணர்ந்து ஒதுக்கி வைத்தார். தாம் ஆசிரியர் அல்லர் என்றும், ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்வோம் என்றும் கூறி, "உங்களுக்கு எதைக் கற்க விருப்பம்?" என்று வினவினார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கூறினர். தம் பெயரை எழுத வேண்டும் என்றனர் சிலர். ஊதியச் சீட்டில் கைந்நாட்டு இடுவதற்கு நாணினார் சிலர். விவிலிய நூலைப் படிக்க விரும்பினர் சிலர். அஞ்சல்வழிப் பணம் அனுப்பும் படிவத்தையும், கடைக்குப் பொருள் கேட்டு எழுதும் படிவத்தையும் தாமே நிரப்ப வேண்டும் என்றனர் வேறு சிலர். அவைகளே பாடநூல்கள் ஆயின. வேலி அடைக்க எத்துணைக் கம்பி வேண்டும், வண்டிக்கு எண்ணெய் வாங்க எவ்வளவு பணம் ஆகும் என்பனவே கணக்குகள் ஆயின.

ஏரைப் பிடித்துக் காய்த்த கைகள் எழுதுகோலைப் பிடிக்கும்பொழுது அது முறிந்துபோகும். முறித்தவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. வேறொன்று கையிற் கொடுக்கப்பட்டது. அட்டையில் அவரவர் பெயரை எழுதித் தந்து, அதன்மேலேயே மீண்டும் மீண்டும் எழுதச் செய்தனர். கை அவ்வடிவத்தை அறிந்துகொண்டது. வகுப்பறைச் சுவரில், உலக நாடுகள் அவை 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட மனித உரிமை அறிக்கையை ராபின்சன் அம்மையார் ஒட்டி வைத்தார். பள்ளி முடிவதற்குள் இதனை ஒவ்வொருவரும் படித்துப் பொருள் கூற வேண்டும் என்பது தம் விருப்பம் என்றார். அரிச்சுவடி தொடங்குவார்முன் அத்தகைய அறிக்கையா என்று நாம் வியக்கலாம். பெரியவர்களைப் பெரியவர்களாக மதிக்கும் முறை அதுவே என்று அவர் கருதினார்.

வந்தவருள் அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். எழுத்தொன்றும் அறியாதவர். சில வாரங்கள் சென்றபின் ஒருநாள், கரும்பலகையில் எல்லோருடைய பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. உங்கள் பெயரைக் காட்ட முடியுமா என ராபின்சன் அம்மையார் கேட்டார். மூதாட்டி எழுந்து சென்று, ஆசிரியர் கையிலிருந்த கோலை வாங்கி, தம் பெயரைத் தொட்டுக் காட்டினார். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லியும் காட்டினார். அறுபத்தைந்து ஆண்டுகள் பிறர் வாயிற் கேட்ட தம் பெயரை அன்றுதான் அவர் கண்ணாற் கண்டார். அந்நாளை நினைக்கும்போதெல்லாம் தமக்கு மெய்சிலிர்க்கும் என்று ராபின்சன் அம்மையார் பின்னாளிற் கூறினார்.

வாக்குரிமை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அது எல்லாவற்றின் ஊடும் இருந்தது. அரசியலமைப்புப் பகுதியும், வாக்காளர் பதிவுப் படிவமும் பாடங்களுள் இருந்தன. வரி எவ்வாறு வாங்கப்படுகின்றது, அது எவ்வாறு செலவிடப்படுகின்றது, பள்ளிக் குழு என்ன செய்கின்றது, முதியோர்க்கு அரசாங்கம் தரும் உதவியை எங்ஙனம் பெறுவது என்பனவும் கற்பிக்கப்பட்டன. கற்றவர் கூட்டமாகச் சென்று பதிவு அலுவலகத்தில் தேர்வு எழுதினர், தேறி வந்தனர். அயல் தீவுகளாகிய வாட்மலாவிலும் எடிஸ்டோவிலும் பள்ளிகள் தோன்றின.

டென்னசி அரசினர் 1961ஆம் ஆண்டில் ஹைலாண்டர்ப் பள்ளியின் உரிமத்தைப் பறித்து அதனை மூடினர். அதற்குள் இத்திட்டம், மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாட்டின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டிருந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் டார்ச்செஸ்டர் என்னும் இடத்தில் செப்டிமா அம்மையாரும் அவர் துணைவரும் பயிற்சி அளித்தனர். உழவர், மருத்துவச்சி, வண்டியோட்டி எனப் பலரும் வந்து, சில நாள் தங்கிக் கற்று, தத்தம் ஊருக்குச் சென்று பள்ளி தொடங்கினர். ஊரார் மதிப்பைப் பெற்றவரா, உரக்கப் படிக்கவும் பலகையில் தெளிவாக எழுதவும் வல்லவரா என்பனவே கேட்கப்பட்டன, பட்டம் கேட்கப்படவில்லை.

இத்தொண்டு இடரற்றது என்று எண்ணற்க. மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திப் பண்ணையொன்றில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பேனி லூ ஹேமர் என்னும் அம்மையார் 1962ஆம் ஆண்டில் வாக்காளராகப் பதியச் சென்றார். பொருள் விளங்காத சட்டப் பகுதியைக் கொடுத்து அவரைத் தோற்கச் செய்தனர். அன்றே வேலையும் குடியிருப்பும் பறிபோயின. அவர் பின்வாங்கவில்லை, மறு ஆண்டு பதிவு பெற்றார். 1963ஆம் ஆண்டு சூன் திங்களில் குடிமைப் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் காவலரால் சிறைப்படுத்தப்பட்டுக் கொடுமையாக அடிக்கப்பட்டார். ஒரு பெயரைப் பட்டியலில் எழுதுவதற்குக் கொடுத்த விலை அது.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. பத்தாண்டுகட்குப் பின் அது நாடெங்கும் நிலையாக ஒழிக்கப்பட்டது. தாழ் உடைந்தது. ஆனால், பயின்ற மக்கள் வாக்களிப்பதோடு நின்றுவிடவில்லை. ஜான்ஸ் தீவினரும் அண்டை ஊரினரும் கடன் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர்; மருத்துவ வசதிக்கும் வீட்டு வசதிக்கும் முயன்றனர். எவருக்கு வாக்களிக்க என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் இவை நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

நம் நாட்டில் நீக்கப்பட்ட அப்பெண்களுட் பலர் 1957ஆம் ஆண்டுத் தேர்தலுக்குள் தம் பெயரைக் கூறிப் பட்டியலில் இடம் பெற்றுவிட்டனர். வாக்களிக்கும் வயது 1989ஆம் ஆண்டிற் பதினெட்டாகக் குறைந்தது. பதினேழு நிரம்பியவர் முன்னதாகவே விண்ணப்பிக்கவும் இப்பொழுது வழியுண்டு. மாணவர்களாகிய நீங்கள் அவ்வாயிலை அணுகிக்கொண்டிருக்கின்றீர்கள். ஆயினும் பிழைப்பிற்காக ஊர் மாறினோர், வீடற்றோர், படிவம் கண்டு அஞ்சுவோர் பலர் இன்றும் வெளியே நிற்கின்றனர். கிராம சபை கூடும் நாளில் வந்து ஓரமாய் நின்று, ஒரு சொல்லும் கூறாமல் கையொப்பம் மட்டும் இட்டுச் செல்வோரும் உளர். அவர்களிடம் செல்லும் தொண்டர் முதலிற் கேட்க வேண்டிய வினா ராபின்சன் அம்மையார் கேட்டதே. குடும்ப அட்டையோ, முதியோர் உதவித்தொகையோ, தெருக்குழாயோ, எது அவர்கள் வாயில் முதலில் வருகின்றதோ அங்கிருந்தே பாடம் தொடங்கும்.

பறிக்கப்பட்ட ஓய்வூதியத்தைச் செப்டிமா அம்மையார்க்குத் திருப்பித் தரத் தென் கரோலினா அரசு 1976ஆம் ஆண்டில் முன்வந்தது. அந்நாட்களிலேயே சார்ல்ஸ்டன் வட்டாரக் கல்விக் குழுவிற்கு அவர் போட்டியிட்டார். ஆசிரியராய் இருக்கத் தகார் என ஒருகால் விலக்கப்பட்ட அதே ஊரில், வாக்காளரால் தேர்ந்தெடுக்கப்பெற்றுக் கல்விக் குழுவின் உறுப்பினராய்ச் சென்று அமர்ந்தார். அப்பொழுது அவர்க்கு எழுபத்தைந்து வயது கடந்திருந்தது.